டி2 வாங்குவதா, டி4 வாங்குவதா? கார் சப்வூஃபரின் ஓம் கணக்கு

ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே 12 அங்குல சப்வூஃபர், அதாவது பாஸ் எனும் தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர். ஒரு பெட்டியில் ‘இரட்டை 2 ஓம்’ (சுருக்கமாக டி2) என்று இருக்கும், பக்கத்துப் பெட்டியில் ‘இரட்டை 4 ஓம்’ (டி4) என்று இருக்கும். தாங்கும் வாட் ஒன்றுதான், காந்தமும் கோனும் ஒன்றுதான். காரில் முதன்முதலாக பாஸ் வைக்க நினைப்பவர் இந்த இடத்தில் நின்றுவிடுவார். எது பலமானது? எது அதிகம் அடிக்கும்?

ஸ்பீக்கரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் இருப்பது ஆம்ப்ளிஃபையரின் விவரத்தாளில். நீங்கள் வைத்திருக்கும், அல்லது வாங்கப் போகும் ஆம்ப் எத்தனை ஓமில் எத்தனை வாட் தருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி வந்தால்தான் டி2வா டி4வா என்று முடிவாகும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஸ்பீக்கரைப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, அப்புறம் ஆம்பைத் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் என்ன ஆனது என்று பின்னால் சொல்கிறேன்.

ஓம் என்றால் என்ன?

மின்னோட்டம் ஓடும்போது அதற்கு ஏற்படும் தடையின் அளவுதான் ஓம். ஜெர்மன் இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827ல் வெளியிட்ட விதி இன்றும் அப்படியே நிற்கிறது: வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்.

ஏரியையும் மதகையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் நிற்கும் நீர்மட்டம் வோல்ட். மதகை எவ்வளவு தூக்குகிறோமோ அந்த அளவுக்குத் தண்ணீர் பாயும். ஓம் குறைய குறைய மதகு மேலே ஏறுகிறது என்று பொருள். நீர்மட்டம் மாறவில்லை, ஆனாலும் பாய்ச்சல் கூடிவிடுகிறது. வாய்க்காலின் கரை அந்தப் பாய்ச்சலைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. ஆம்ப்ளிஃபையர் விஷயத்தில் முழுக்க முழுக்க அந்தக் கேள்விதான்.

எண்ணில் பார்ப்போம். ஒரு ஆம்ப் 20 வோல்ட் வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் 5 ஆம்பியர் ஓடும். அது 100 வாட். 2 ஓம் மாட்டினால் 10 ஆம்பியர், 200 வாட். 1 ஓம் என்றால் 20 ஆம்பியர், 400 வாட். ஆம்பின் குமிழை யாரும் தொடவில்லை. கேட்பவர் கூடுதலாகக் கேட்டார், ஆம்ப் கூடுதலாகக் கொடுத்தது.

‘ஓம் குறைந்தால் சத்தம் கூடும்’ என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். குறைந்த ஓம் ஸ்பீக்கருக்கு எந்தத் திறமையையும் தருவதில்லை. அது ஆம்பிடம் கூடுதல் கரண்ட்டைக் கேட்கிறது, அவ்வளவுதான். அந்தக் கரண்ட்டைக் கொடுக்க ஆம்புக்குத் தெம்பு இருந்தால் சத்தம் கூடும். இல்லாவிட்டால் ஆம்ப் சூடாகும், தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், அல்லது எரிந்துபோகும்.

வீட்டு ஸ்பீக்கர்களில் 8 ஓம் சாதாரணம். காரில் ஏன் 4, 2, 1 என்று கீழே இறங்குகிறோம்? கார் பேட்டரிதான் காரணம். என்ஜின் ஓடும்போது நமக்குக் கிடைப்பது 13.8 முதல் 14.4 வோல்ட் வரைதான். டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவுக்குள் உள்ள சின்ன ஆம்ப் அந்த வோல்ட்டை அப்படியே வைத்துத்தான் வேலை செய்கிறது. உச்சத்தில் 14.4 வோல்ட் என்றால், ஆர்எம்எஸ் கணக்கில், அதாவது உச்சத்தை விட்டுத் தொடர்ந்து பயன்படும் அளவில், சுமார் 10 வோல்ட். பத்தைப் பத்தால் பெருக்கி 4 ஓமால் வகுத்தால் 25 வாட். உள்ளே நேரும் இழப்பையும் கழித்தால், சுத்தமாக வருவது 20 வாட் அளவில் நிற்கும். பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று போட்டிருப்பது உச்ச அளவு. பேட்டரியின் வோல்ட்டைக் கூட்டாமல் அந்த ஸ்டீரியோவால் 4 ஓமில் அதைத் தொடர்ந்து தரவே முடியாது.

தனி ஆம்ப்ளிஃபையர் இதைத்தான் மாற்றுகிறது. அதற்குள் ஒரு மின்மாற்றிப் பகுதி இருக்கும். அது 12 வோல்ட்டை மேலே ஏற்றி, பாஸுக்குத் தேவையான வோல்ட்டை உண்டாக்கிக் கொடுக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதால், மீதிப் பவரை எடுக்க ஓமைக் குறைக்கிறோம்.

மீட்டர் ஏன் 4 காட்டவில்லை?

4 ஓம் என்று எழுதியிருக்கும் வாய்ஸ் காயிலில், அதாவது கோனைத் தள்ளும் கம்பிச் சுருளில், மல்டிமீட்டரை வைத்தால் 3.4 அல்லது 3.6 என்று காட்டும். ஸ்பீக்கர் பழுது என்று பயந்துவிடாதீர்கள். மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கான மின்தடை; செம்புக் கம்பியின் தடை மட்டும். ஸ்பீக்கரில் இருப்பது இம்பீடன்ஸ். பாட்டு என்பது நொடிக்குப் பல முறை திசை மாறும் மின்னோட்டம். அதற்கு ஏற்படும் மொத்தத் தடையைத்தான் இம்பீடன்ஸ் என்கிறோம். கம்பியின் தடையோடு, சுருளாக இருப்பதால் வரும் எதிர்ப்பும், காந்தத்துக்குள் அசைவதால் வரும் எதிர்ப்பும் அதில் சேர்ந்திருக்கும்.

இந்த இம்பீடன்ஸ் ஓர் இடத்தில் நிற்காது. 30 ஹெர்ட்ஸில் ஒரு அளவு, 50 ஹெர்ட்ஸில் வேறு அளவு. சப்வூஃபருக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அந்த இடத்தில் கோன் மிக எளிதாக ஆடும். காந்தத்துக்குள் ஆடும் சுருள் ஒரு ஜெனரேட்டரைப் போலத் தானே வோல்ட்டை உண்டாக்கி, ஆம்பிலிருந்து வரும் வோல்ட்டை எதிர்த்துத் தள்ளும். அதனால் 4 ஓம் ஸ்பீக்கர் அந்த இடத்தில் 20, 30 ஓம் என்று ஏறி நிற்பதுண்டு. சப்வூஃபரை அதற்கான பெட்டிக்குள் வைத்தால் இந்த மேடு இடம் மாறும். ஓட்டை வைத்த பெட்டி என்றால் ஒன்றுக்கு இரண்டு மேடுகள் வரும்.

அப்படியானால் ‘4 ஓம்’ என்ற எண் எதைச் சொல்கிறது? கிட்டத்தட்ட அதன் மிகத் தாழ்வான நிலையை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60268-5 தரநிலைப்படி, ஸ்பீக்கர் வேலை செய்யும் எல்லைக்குள் அதன் இம்பீடன்ஸ் எழுதியிருக்கும் அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 4 ஓம் என்றால் 3.2க்குக் கீழே இறங்கக் கூடாது என்று அர்த்தம். ஆம்புக்கு வரக்கூடிய மிகக் கடுமையான சுமை எது என்று அந்த எண்ணை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

சூடும் இதில் சேரும். செம்பு ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அதன் தடை சுமார் 0.39 சதவீதம் கூடும். நீண்ட நேரம் சத்தமாக ஓடிய வாய்ஸ் காயில் 100 டிகிரி கூடுதலாகச் சூடாகிவிட்டால், 3.5 ஓமாக இருந்தது 4.9 ஓம் பக்கம் போய்விடும். ஆம்ப் அதே வோல்ட்டைக் கொடுத்தாலும் உள்ளே போகும் வாட் குறைந்துவிடும். ‘அரை மணி நேரம் ஆனதும் பாஸ் கொஞ்சம் சோர்ந்துவிட்டது’ என்று சிலர் சொல்வார்கள். அது பிரமை இல்லை.

இரண்டு காயில், இரண்டு வழி

இப்போது டி2, டி4 விஷயத்துக்கு வரலாம். டி என்பது ‘டூயல்’, அதாவது ஒரே ஸ்பீக்கருக்குள் இரண்டு வாய்ஸ் காயில்கள். டி4 என்றால் ஒவ்வொரு காயிலும் 4 ஓம். இரண்டும் ஒரே உருளையில் சுற்றப்பட்டு ஒரே கோனைத்தான் தள்ளுகின்றன. இரண்டு காயில் இருப்பதால் சத்தம் இரட்டிப்பாகாது. ஒயரிங் செய்பவருக்கு ஓமைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடைக்கிறது, அதற்காகத்தான் இரண்டு.

சீரிஸ் என்றால் வரிசையாக. ஆம்பின் பிளஸ் முதல் காயிலின் பிளஸ்ஸுக்குப் போகும். முதல் காயிலின் மைனஸிலிருந்து ஒரு துண்டு ஒயர் இரண்டாவது காயிலின் பிளஸ்ஸுக்கு. இரண்டாவதின் மைனஸ் திரும்ப ஆம்பின் மைனஸுக்கு. கரண்ட் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும், அதனால் ஓம் கூடும்: 4 + 4 = 8.

பேரலல் என்றால் பக்கம் பக்கமாக. இரண்டு பிளஸ்ஸும் சேர்ந்து ஆம்பின் பிளஸ்ஸுக்கு, இரண்டு மைனஸும் சேர்ந்து மைனஸுக்கு. கரண்ட் போக இரண்டு வழி கிடைக்கிறது, அதனால் ஓம் பாதியாகும்: 4ஐ இரண்டால் வகுத்தால் 2.

ஆக, ஒரு டி4 சப்வூஃபர் உங்களுக்கு 2 ஓம் அல்லது 8 ஓம் தரும். ஒரு டி2 சப்வூஃபர் 1 ஓம் அல்லது 4 ஓம் தரும். இந்த நான்கு எண்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டி4ஐ வைத்துக்கொண்டு 4 ஓம் கொண்டுவரவே முடியாது. ஒரு காயிலை மட்டும் மாட்டி மற்றதைச் சும்மா விட்டால் 4 ஓம் வருமே என்று தோன்றும். ஓம் வரும், ஆனால் அந்த ஸ்பீக்கர் தாங்கும் வாட் பாதியாகிவிடும், கோனை அடக்கிப் பிடிக்கும் விசையும் மாறிவிடும். எந்தப் பெட்டிக்காக அது வடிவமைக்கப்பட்டதோ அந்தப் பெட்டியில் அது ஒழுங்காக ஒலிக்காது. செய்ய வேண்டாம்.

இரண்டு சப்வூஃபர் வைக்கும்போது கணக்கு இன்னும் சுவாரசியமாகிறது. இரண்டு டி4 என்றால் மொத்தம் நான்கு காயில்கள். நான்கையும் பேரலலில் போட்டால் 1 ஓம். ஒவ்வொரு ஸ்பீக்கரின் காயில்களையும் சீரிஸில் போட்டு (8 ஓம்), அந்த இரண்டு ஸ்பீக்கரையும் பேரலலில் சேர்த்தால் 4 ஓம். நான்கும் சீரிஸ் என்றால் 16 ஓம். அதை யாரும் விரும்ப மாட்டார்கள். இரண்டு டி2 என்றால் எல்லாம் பேரலலில் 0.5 ஓம், சீரிஸில் கட்டி பேரலலில் சேர்த்தால் 2 ஓம், எல்லாம் சீரிஸ் என்றால் 8 ஓம். கவனித்தீர்களா? ஒரு ஸ்பீக்கருக்கு 1 ஓம் வேண்டுமென்றால் டி2 வாங்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கு அதே 1 ஓம் வேண்டுமென்றால் டி4 வாங்க வேண்டும். இப்போதைக்கு ஒன்று, பிறகு இன்னொன்று என்று திட்டமிடுபவர்கள் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும்.

மூன்று ஸ்பீக்கர் என்றால் 1.33, 2.67 போன்ற எண்கள் வரும். ஆம்பின் எல்லைக்குச் சரியாகப் பொருந்தாது. முதல் முறை செய்பவர் ஒன்றோ இரண்டோ வைப்பது நல்லது. அதேபோல ஓம் வேறுபட்ட இரண்டு ஸ்பீக்கரை ஒரே ஆம்பில் கலக்காதீர்கள். 4 ஓமையும் 2 ஓமையும் பேரலலில் போட்டால் 2 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டு மடங்கு வாட் போகும். ஒன்று திணறும், மற்றது சும்மா இருக்கும்.

பிளஸ், மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். ஒரே ஸ்பீக்கரில் ஒரு காயிலைத் தலைகீழாக மாட்டினால் இரண்டு காயில்களும் ஒன்றை ஒன்று எதிர்த்துத் தள்ளும். கோன் அசையாது, ஆனால் வாட் முழுவதும் வெப்பமாக மாறும். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று தலைகீழ் என்றால் ஒன்று வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும், பாஸ் காணாமல் போய்விடும். சந்தேகம் வந்தால் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, பிளஸ்ஸை பிளஸ்ஸில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால் சரி.

இனி ஆம்பின் பக்கம்

ஆம்பின் விவரத்தாளில் தேட வேண்டியது இரண்டே விஷயம். எந்த ஓமில் எத்தனை ஆர்எம்எஸ் வாட் தருகிறது? எந்த ஓம் வரை கீழே இறங்கலாம்? ‘மேக்ஸ்’, ‘பீக்’ என்று பெரிய எழுத்தில் இருப்பதை மறந்துவிடுங்கள். அமெரிக்க நுகர்வோர் தொழில்நுட்பச் சங்கத்தின் சிடிஏ-2006 தரநிலைப்படி அளந்தது என்று குறிப்பிட்டிருந்தால் அதை நம்பலாம். 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், சிதைவு ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் அளந்த வாட் அது.

அந்தக் குறிப்பு இல்லையா? ஆம்பின் பக்கவாட்டில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் மொத்தம் 60. அதை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 828 வாட். இது உள்ளே போவது. டி வகை (கிளாஸ் டி) ஆம்ப் என்றால் அதில் சுமார் 80 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும்; இந்த ‘டி’க்கும் ஸ்பீக்கரின் டி2, டி4க்கும் சம்பந்தமில்லை. அதாவது 660 வாட் அளவு. ஏபி வகை என்றால் பாதியை ஒட்டித்தான் வரும். அந்த ஆம்பின் மேல் 2,000 வாட் என்று எழுதியிருந்தால், அது நடக்காத காரியம். மிகப் பெரிய ஆம்ப்களில் ஃபியூஸ் உடம்பில் இருக்காது, வெளியே போடச் சொல்வார்கள். அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போது என் முதல் செட்டப்பைப் பற்றிச் சொல்கிறேன். கையில் இரண்டு சேனல் ஆம்ப் ஒன்று இருந்தது. அதை பிரிட்ஜ் செய்து ஒரு டி4 சப்வூஃபரை 2 ஓமில் மாட்டினேன். ‘2 ஓம் வரை தாங்கும்’ என்று ஆம்பில் தெளிவாக எழுதியிருந்தது. முதல் பதினைந்து நிமிடம் அருமையாக இருந்தது. பிறகு சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு நின்றது. ஆறியதும் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். எர்த்தை இடம் மாற்றினேன், சிக்னல் ஒயரை மாற்றினேன், பேட்டரியைச் சோதித்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் விவரத்தாளின் கீழ்வரி கண்ணில் பட்டது: ‘பிரிட்ஜில் குறைந்தபட்சம் 4 ஓம்.’

பிரிட்ஜ் என்றால் இரண்டு சேனல்களும் ஒரே ஸ்பீக்கரை இரு பக்கமிருந்தும் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் வோல்ட் இரட்டிப்பாகிறது, அதனால் ஓடும் கரண்ட்டும் இரட்டிப்பாகிறது. தன் வோல்ட் மாறாமல் இரண்டு மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு சேனலுக்கும் அந்த ஸ்பீக்கர் பாதி ஓமாகத் தெரிகிறது. 4 ஓம் ஸ்பீக்கர் 2 ஓமாகத் தெரியும். நான் மாட்டிய 2 ஓம், சேனல் ஒவ்வொன்றுக்கும் 1 ஓமாகத் தெரிந்திருக்கிறது. ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு நின்றது அதன் நல்ல குணம். எல்லா ஆம்ப்களிலும் அந்தப் பாதுகாப்பு நேரத்துக்கு வேலை செய்யாது. வெளியீட்டு டிரான்ஸிஸ்டர்கள் போய்விட்டால் பிறகு ரிப்பேர்தான்.

அந்த ஆம்புக்கு வேண்டியது 4 ஓம். என்னிடம் இருந்த டி4 தரக்கூடியதோ 2 அல்லது 8. அதே ஸ்பீக்கரை டி2வாக வாங்கியிருந்தால் சீரிஸில் கட்டி 4 ஓமில் நிம்மதியாக ஓட்டியிருக்கலாம். வேறு வழியில்லாமல் 8 ஓமில் மாட்டினேன். 4 ஓமில் வந்திருக்க வேண்டிய வாட்டில் பாதிதான் வரும் என்று தெரியும், மனம் சங்கடப்பட்டது. கேட்டுப் பார்த்தபோது ஒன்று புரிந்தது: வாட் பாதியானால் சத்தம் பாதியாவதில்லை. 3 டெசிபல் குறைகிறது, அவ்வளவுதான். சத்தம் பாதியாகிவிட்டது என்று காது உணர 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது வாட் பத்தில் ஒன்றாக வேண்டும். இது தெரிந்த பிறகு 1 ஓமைத் துரத்தும் ஆசை எனக்குப் பெரிதாக இல்லை.

மோனோ ஆம்ப், அதாவது ஒரே சேனல் உள்ள ஆம்ப், வாங்குபவர்கள் ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். அதன் முகப்பில் இரண்டு பிளஸ், இரண்டு மைனஸ் திருகுகள் இருக்கும். இரண்டு சேனல் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு 2 ஓம் ஸ்பீக்கரை மாட்டி, ‘2 ஓமில்தானே ஓடுகிறது’ என்று இருந்துவிடுவார்கள். அந்தத் திருகுகள் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. இரண்டு ஒயர் மாட்ட வசதிக்காக வைத்தவை. இரண்டு 2 ஓம் ஸ்பீக்கரும் பேரலலில் சேர்ந்து ஆம்ப் பார்ப்பது 1 ஓம்.

எல்லா ஆம்பும் ஓம் குறையக் குறைய வாட் கூட்டுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜேஎல் ஆடியோவின் 500/1 போன்ற சில ஆம்ப்கள் 1.5 ஓம் முதல் 4 ஓம் வரை எங்கே மாட்டினாலும் அதே 500 வாட்டைத் தரும்படி செய்யப்பட்டவை. அப்படிப்பட்ட ஆம்பில் ஓமைக் குறைத்து ஒரு லாபமும் இல்லை.

என் கருத்து இது: தேவையான வாட் 2 ஓமிலேயே கிடைக்கிறது என்றால் 1 ஓமுக்குப் போக வேண்டாம். ஒரே வாட்டை 1 ஓமில் தரும்போது ஆம்பின் வெளியீட்டில் கரண்ட் அதிகம். கரண்ட் அதிகமானால் உள்ளே வெப்பமாக வீணாவதும் அதிகம். கோனை நிறுத்திப் பிடிக்கும் டாம்பிங் ஃபேக்டரும் ஓமோடு சேர்ந்து பாதியாகிறது. போட்டிகளுக்காக ஒலி அளவு மீட்டரில் எண்ணை ஏற்றுபவர்கள் 1 ஓமுக்குக் கீழே போகட்டும். தினமும் ஓட்டும் காரில் ஆம்ப் நீண்ட நாள் உழைக்க வேண்டும்.

வாட் பொருத்தமும் கெயினும்

ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் 500 வாட் என்றால், நீங்கள் கட்டப் போகும் ஓமில் ஆம்பின் ஆர்எம்எஸ் 500 பக்கம் இருக்க வேண்டும். கொஞ்சம் கூட இருந்தால் நல்லது. ‘குறைந்த வாட் ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும்’ என்று சொல்வார்கள். குறைந்த வாட் தானாக எதையும் எரிக்காது. போதவில்லையே என்று நாம் கெயினைத் திருகிக்கொண்டே போவதுதான் எரிக்கும். ஆம்பால் ஏற முடியாத உயரத்தில் அலையின் தலை வெட்டப்பட்டுத் தட்டையாகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். அலை முழுவதும் சதுரமாகிவிட்டால், அதே உச்சமுள்ள சுத்தமான சைன் அலையைவிட இரண்டு மடங்கு வாட் காயிலுக்குள் போகும். காயில் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

கெயின் என்பது வால்யூம் குமிழ் இல்லை. ஸ்டீரியோவின் சிக்னலையும் ஆம்பையும் பொருத்தும் குமிழ். மல்டிமீட்டரை வைத்தே அதைச் சரியாக வைக்கலாம். வேண்டிய வாட்டையும் ஓமையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 500 வாட், 2 ஓம் என்றால் 1,000த்தின் வர்க்கமூலம், 31.6 வோல்ட். அதே 500 வாட் 4 ஓமில் 44.7 வோல்ட், 1 ஓமில் 22.4 வோல்ட்.

ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். கெயினை முழுதாகக் குறைத்துவிட்டு, ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் அளவில் வைத்து 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலி ஒன்றை ஓட்டுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் வெளியீட்டில் பிடித்துக்கொண்டு, அந்த எண் வரும்வரை கெயினை மெல்லத் திருகுங்கள். அங்கே நிறுத்துங்கள். பெட்டிக்குள் ஓடும்போது இம்பீடன்ஸ் மேலே ஏறும் என்பதால் உண்மையில் போகும் வாட் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அது நமக்குப் பாதுகாப்பு.

பேட்டரி பக்கம் ஒரு வார்த்தை. 1,000 வாட் தரும் டி வகை ஆம்ப் முழு வேகத்தில் ஓடினால் உள்ளே சுமார் 1,250 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது 90 ஆம்பியர். பாட்டில் எப்போதும் இவ்வளவு ஓடாது, ஆனால் அடி விழும் கணத்தில் ஓடும். ஏரியில் நீர்மட்டம் இறங்கினால் மதகைத் தூக்கி என்ன பயன்? இந்த அளவுக்கு 21 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள 4 கேஜ் செம்பு ஒயர் வேண்டும். இன்னும் மேலே போனால் 53 சதுர மில்லிமீட்டருள்ள 1/0 கேஜ். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் அதே தடிமனில் குறைவாகவே கடத்தும், அதனால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். ஒயருக்கான ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம். அந்த ஃபியூஸ் ஆம்புக்காக இல்லை. ஒயர் எங்காவது உரசிக் காரின் உடம்பைத் தொட்டால் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக.

எல்லாம் கட்டி முடித்ததும், ஆம்பில் மாட்டுவதற்கு முன் பெட்டியிலிருந்து வரும் இரண்டு ஒயர் முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 2 ஓமுக்குக் கட்டியிருந்தால் 1.6 முதல் 2 வரை காட்ட வேண்டும். 1 ஓமுக்கு 0.8 முதல் 1 வரை. இந்த அளவில் மீட்டரின் ஒயருக்கே 0.2 அளவு தடை இருக்கும், இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நினைத்ததில் கால் பங்கோ நான்கு மடங்கோ காட்டினால் சீரிஸும் பேரலலும் எங்கோ மாறியிருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் ஒரு முனை கழன்றிருக்கிறது. பூஜ்யம் காட்டினால் இரண்டு ஒயர் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. எண் சரியாக வந்த பிறகு ஆம்பில் மாட்டுங்கள்.